முப்பத்தொன்பதா, நாற்பத்தொன்பதா?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மோதி பாகில் வாழும் அன்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் மத்திய அரசு அலுவலர். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தலைநகரில் வாழ்பவர். நம் சங்கத்தின் விழா எதுவாயினும் முன்வந்து உழைப்பவர். அவர் இல்லத்தில் வேலை செய்யும் அம்மையார் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். அவருடைய மகள் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தாய் வேலையை முடிக்கும் வரையில் அச்சிறுமி கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இளகிய மனம் படைத்த நம் அன்பர் ஞாயிறுதோறும் அவளுக்குப் பாடம் சொல்லித் தருவது வழக்கமாம்.

பள்ளியில் நடக்கும் முறையிலேயே சொல்லித் தரவேண்டும் என்னும் நோக்கத்தால் அவர் எண்களை இந்தியிலே சொன்னார். “உன்தாலீஸ்” என்றார், சிறுமி 49 என்று எழுதினாள். “உன்தீஸ்” என்றார், 39 என்று எழுதினாள். அன்பர் நம்மைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். “மூன்று மாதமாகப் பார்க்கிறேன், ஸார். இவளுக்குக் கணக்கே வராது. சில குழந்தைகளின் மூளை அப்படி” என்றார். அச்சொல் சிறுமியின் காதிலும் விழுந்தது. அவள் தலை நிமிரவில்லை.

நாம் அவள் அருகிற் சென்றமர்ந்து, “முப்பத்தொன்பது எழுது, அம்மா” என்றோம். தயக்கமின்றி 39 என்று எழுதினாள். “அறுபத்திரண்டிலிருந்து அதைக் கழி” என்றோம். “இரண்டில் ஒன்பது போகாது, பக்கத்தில் கடன் வாங்கினால் பன்னிரண்டு, பன்னிரண்டில் ஒன்பது போனால் மூன்று” என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே 23 என்று விடை எழுதினாள். ஊரிலே பாட்டியிடம் இருந்து இரண்டாம் வகுப்பு வரையிற் படித்தவளாம். அங்கே கற்ற கழித்தல் கல்லில் எழுதியதுபோல் நிலைத்திருந்தது. அன்பர் வியப்பினால் வாயடைத்துப் போனார்.

அவளுக்கு வராதது கணக்கன்று, எண்ணின் பெயர்தான். நம் மொழியில் முப்பதும் ஒன்பதும் சேர்ந்தால் முப்பத்தொன்பது. பத்தின் பெயரும் ஒன்றின் பெயரும் தெரிந்த பிள்ளை எண்ணைக் கட்டிவிடும். இந்தியிலோ ஒன்று முதல் நூறு வரையில் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறையத் தனிப் பெயராகவே மனத்திற் பதிய வேண்டும். அவற்றுள்ளும் 29, 39, 49, 59 முதலியவை அடுத்து வரும் பத்துக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் அமைந்தவை. 40 சாலீஸ், 41 இக்தாலீஸ், 42 பயாலீஸ், இவ்வாறு 48 வரையில் ஒரே ஈற்றொலி. அதே ஈற்றொலியோடு வரும் ‘உன்தாலீஸ்’ 39 ஆகும். ஈற்றொலியை நம்பி, நாற்பதின் வரிசையில் ஒன்பதை வைத்து 49 என்று எழுதிய சிறுமி ஒருவகையில் அறிவோடுதான் எழுதினாள். இதை இந்தி மொழியின் குறையாக நாம் சொல்லவில்லை. தொட்டிலிலிருந்து அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இடரில்லை. நம் மொழியிலும் எண்பதுக்கு அடுத்ததை, நூறு என்னும் சொல் உள்ளே ஒலிக்கத் தொண்ணூறு என்கிறோமே! ஆறு வயதுக்கு மேல் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்கு அந்தப் படி எங்கே வழுக்கும் என்பதை அறிந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும் என்பதே நம் கருத்து.

வாசிப்பிலும் இத்தகைய வழுக்கல் உண்டு. நாம் ஒரே ககரத்தால் எழுதும் ஒலிகளுக்குத் தேவநாகரியில் நான்கு எழுத்துக்கள். தகரம், பகரம் முதலியவற்றுக்கும் அப்படியே. வீட்டில் கேளாத ஒலிவேறுபாட்டைப் பள்ளியில் எழுத்தாகக் காணும் பிள்ளை, எழுத்தை மறக்கவில்லை; அதனைப் பிரித்துக் கேட்கவே இன்னும் பழகவில்லை. இதனை உணராத நாம் ‘மந்தம்’ என்று முத்திரை குத்தி விடுகிறோம். அம்முத்திரையைப் பிள்ளையும் நம்பத் தொடங்குகிறது. ஒரு குழந்தைக்கு நேரும் தீங்குகளுள் இதனினும் கொடியது வேறென்ன?

இது நிற்க. பின்தங்குவது நம் மொழிப் பிள்ளைகள் மட்டும் என்று எண்ணிவிட வேண்டா. 2016ஆம் ஆண்டில் தில்லி அரசு தன் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணாக்கரைச் சோதித்துப் பார்த்தது. நூற்றுக்கு 74 பேரால் தங்கள் இந்திப் பாடநூலின் ஒரு பத்தியை வாசிக்க இயலவில்லை. 46 பேரால் இரண்டாம் வகுப்பு அளவிலான எளிய கதையையும் வாசிக்க இயலவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க 67 பேருக்குத் தெரியவில்லை. இவர்களுட் பெரும்பாலோர் இந்தியையே வீட்டில் பேசுபவர். நாட்டுப்புறங்களை ஆராயும் ‘ஏஸர்’ கணக்கெடுப்பின்படி, 2024இல் இந்தியா முழுவதிலும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பினருள் நூற்றுக்கு 23 பேருக்குச் சற்று மேற்பட்டவரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தனர்.

இவ்வாறு நேர்வதேன்? பாடநூல் ஆண்டுதோறும் ஒரு படி ஏறுகிறது; பிள்ளையும் வகுப்பு ஏறுகிறது; கல்வி மட்டும் ஏறாமல் கீழே நின்றுவிடுகிறது. ஆசிரியர் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும். முதல் வரிசையில் அமர்ந்த சிலரைப் பார்த்துக்கொண்டு அவர் பாடம் நடத்த, கடைசி வரிசை கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறது. எழுதியதை வாசிக்கச் சொன்னால் விழிக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குறையைத் தாயோ தந்தையோ தனிப்பயிற்சி ஆசிரியரோ நிரப்பிவிடுகின்றனர். தாயும் தந்தையும் எழுத்தறியாதவராய், பகல் முழுவதும் பிறர் வீட்டிலும் கட்டட வேலையிலும் இருப்பாராயின் யார் நிரப்புவது?

குடிபெயர்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் ஜங்புராவில் மதராஸி முகாம் அகற்றப்பட்டபோது, மாற்று வீடு ஒதுக்கப்பட்டோருக்கு அது நகரின் வடகோடியிலுள்ள நரேலாவிற் கிடைத்தது. அம்முகாமில் வாழ்ந்தவர் பெரும்பாலும் தமிழரே. வீடு பெயர்ந்தால் பள்ளியும் பெயர்கிறது. பள்ளி பெயர்ந்தால் கற்றதில் ஒரு பகுதி வழியிலேயே உதிர்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் ஆற்றலையும் அறிந்து தேவைக்கேற்பக் கூடுதற் பயிற்சி அளிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தவறியவர்களை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு இடமளிக்கப்பட்டது. தமிழ்நாடு அதனை ஏற்கவில்லை, தில்லி ஏற்றது. தவறிய பிள்ளைக்குக் கூடுதற் பயிற்சி அளித்து இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தவறினால் நிறுத்தலாம் என்பது விதி. பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறை இரண்டு மாதத்தில் தீருமா? நாம் மேலே கூறிய சிறுமி எட்டாம் வகுப்பை எட்டுவதற்கு இன்னும் இரண்டாண்டுகளே உள்ளன. அங்கே ஒரு முறை நிறுத்தப்பட்டால், “படித்தது போதும், என்னோடு வேலைக்கு வா” என்று தாய் அழைக்க நெடுநாள் ஆகாது.

இக்குறையைத் தீர்க்கும் வழி மறைபொருளன்று. 2001 முதல் இரண்டாண்டுகள் மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் ‘பால்சகி’ திட்டத்தை அறிஞர்கள் முறைப்படி ஆராய்ந்தனர். பால்சகி என்றால் குழந்தையின் தோழி. அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண்கள், இரு வாரப் பயிற்சி பெற்று, மூன்றாம் நான்காம் வகுப்புகளிற் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. அவர்களுள்ளும் மிகவும் பின்தங்கியிருந்தவர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர். ஆராய்ந்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் பின்னர் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் கண்ட உண்மை மிக எளியது: பிள்ளை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதை விட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டு, அங்கிருந்து தொடங்குதல். ஆயினும் ஓர் எச்சரிக்கை: திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயனிற் பெரும்பகுதி தேய்ந்திருந்தது. தொடங்கி நிறுத்துவது போதாது.

தில்லி அரசும் 2016இல் ‘சுனௌதி’ என்றும், 2018இல் ‘மிஷன் புனியாத்’ என்றும் திட்டங்களை வகுத்தது. புனியாத் என்றால் அடித்தளம். வாசிக்கத் தெரிந்தோர், தெரியாதோர் எனப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பது இவற்றின் முறை. பிரிப்பதிலே ஓர் இடர் உண்டு. நாளில் ஒரு மணி நேரம் படிக்கேற்பப் பிரிந்து அமர்வது பயிற்சி. நாள் முழுவதும் ஆண்டு முழுவதும் ‘கீழ்ப் பிரிவு’ என்று பெயர் சூட்டி அமர்த்துவது வடு. பிரிவுக்கு எவ்வளவு அழகிய பெயரைச் சூட்டினாலும் பிள்ளைகள் அதன் பொருளை முதல் நாளே கண்டுபிடித்து விடுகின்றனர்.

செல்வ நாடாகிய அமெரிக்காவும் இவ்வழியில் இடறியிருக்கிறது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இளமையில், 1928இல், டெக்ஸாஸ் மாநிலத்தின் கோட்டுலா என்னும் சிற்றூரில் மெக்ஸிகோ வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். வீட்டில் ஸ்பானிய மொழி, பள்ளியில் ஆங்கிலம் என்றிருந்த பிள்ளைகள் அவர்கள். நம் சிறுமியின் நிலைதான். 1965 ஏப்ரல் 11ஆம் நாள், தாம் சிறுவனாகப் படித்த பள்ளியின் முன் அமர்ந்து, தமக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியையை அருகில் வைத்துக்கொண்டு, ஏழைப் பிள்ளைகளின் துணைக் கல்விக்கு நிதியளிக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஆனால் சில ஆண்டுகளிலேயே, அந்நிதி பல ஊர்களில் பள்ளிகளின் பொதுச்செலவுக்கே போய்விடுவது வெளியாயிற்று. அதன்பின், இந்த உதவி வழக்கமான கல்விக்கு மேலதிகமாக இருக்க வேண்டுமேயன்றி அதற்கு ஈடாக ஆகிவிடக்கூடாது என்று விதி செய்தனர். பிள்ளைகளை வகுப்பிலிருந்து எழுப்பித் தனியே அழைத்துச் சென்றால், அந்நேரத்தில் வகுப்பில் நடக்கும் பாடம் போய்விடுகிறது என்பதையும் காலப்போக்கில் உணர்ந்தனர். ஆகவே துணைப்பயிற்சி பள்ளி நேரத்தைத் தின்னாமல் மாலையில் அமைவதே நலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் தாயகத்தில் நடந்ததும் மாலை வகுப்புத்தான். பெருந்தொற்றினாற் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. தெருவிலும் திண்ணையிலும் கோயில் முன்றிலிலும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைச் சேர்த்துத் தன்னார்வலர் கற்பித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளின் படிநிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். அரும்பு மொட்டாகாமல் இருக்குமா என்னும் நம்பிக்கை அப்பெயரிலேயே இருக்கிறது.

எண்ணிப் பார்த்தால் இது நமக்குப் புதியதன்று. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு மணலில் எழுத்தும் எண்சுவடியும் பழக்குவான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் கைக்கொண்டார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் வைத்தார். 1797இல் லண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தில் எங்கும் பரவிற்று. நம் ஊரிலிருந்து கடல் கடந்து சென்ற ஒன்று, யமுனைக் கரைக்கு வந்த நம்மிடம் இல்லாமற் போகலாமா?

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று மோதி பாகிலேயே இருப்பது நமக்குப் பெருமை. குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் தலைநகருக்கு வந்த நம் மூத்தோர், தங்கள் பிள்ளைகள் தாய்மொழியை இழக்கலாகாது என்று தொடங்கிய பணி அது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்தனர். இன்று அப்பணி ஒரு படி அகல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குபவரின் பிள்ளையும் நம் பிள்ளையே.

செய்ய வேண்டுவன மிகச் சில. ஒரு வீட்டுக் கூடமோ, மாடிப்படியின் கீழிடமோ போதும். ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர். நாள்தோறும் ஒரு மணி நேரம். முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, பிறர் கேளாமல், எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் நான்கு படிகளில் எதில் நிற்கிறது என்று அறிதல் வேண்டும். கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று நான்கு படிகள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலாற் கட்டி வைத்துக்கொண்டால், கட்டை அவிழ்த்துப் பத்தாக்குவதே கடன் வாங்குதல் என்பதைக் கை அறிந்துகொள்ளும். எண்ணின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் சேர்த்தே சொல்லுங்கள். விளக்கம் தாய்மொழியில் இருக்கட்டும்; பெயர் இரு மொழியிலும் பழகட்டும். நாளுக்கு ஒரு சிறு கதையை வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். தவறினால், “மறுபடியும் பார், அம்மா” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டா. ஓய்வுபெற்ற பெரியோரும் கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளும் சட்டாம்பிள்ளைகளாக முன்வரலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் பிள்ளைகள் வராமற் போகக்கூடும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில், இருபதாண்டுகளுக்கு முன் தன்னார்வலர் நடத்திய வாசிப்பு வகுப்புகளை ஆராய்ந்தவர்கள், வந்த பிள்ளைகள் நன்கு பயன்பெற்றதைக் கண்டனர். ஆனால் ஊரிலிருந்த பிள்ளைகளுள் வந்தவர் நூற்றுக்கு எட்டுப் பேரே! நம்மிடத்தில் ஏன் வரமாட்டார்கள் என்பதை அன்று மாலையே அறிந்துகொண்டோம். “வாரநாட்களில் மாலையில் படிக்க வருவாயா?” என்று சிறுமியைக் கேட்டோம். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் சொன்னார்: “ஆறு மணிக்கு மேலே எனக்கு மூணு வீடு இருக்குது, ஐயா. தம்பியை இவதான் பாத்துக்கணும்.”

அந்த மூன்று வீடுகளில் முதலாவது நம் அன்பருடைய வீடு. மற்றவையும் நம்மைப் போன்றோர் வீடுகளே. கல்வியைப் பற்றி நாம் மேடையேறிப் பேசும் அதே மாலைப்பொழுதில், நம் அடுக்களை அந்தப் பிள்ளையின் படிப்பு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இதனை எழுதும் நாமும் விலக்கல்லோம். நம் வீட்டிலும் மாலை வேலைக்கு ஓர் அம்மையார் வருகிறார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, எந்த வகுப்பிற் படிக்கின்றனர் என்று நாம் கேட்டதே அன்றிரவு வீடு திரும்பிய பிறகுதான்.

ஆகவே இம்மாதம் நம் வாசகர்களிடம் நாம் வேண்டுவது நன்கொடை அன்று. உங்கள் வீட்டு வேலையைக் காலைக்கோ நடுப்பகலுக்கோ மாற்ற இயலுமா என்று பாருங்கள். மாற்றினாலும் மாதச் சம்பளத்தில் ஒரு காசும் குறைக்க வேண்டா. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பாதீர்கள். தம்பியும் ஒரு மூலையில் தீக்குச்சிக் கட்டோடு விளையாடிக்கொண்டிருக்கட்டும். தேர்வு முடிந்தது, விடுமுறை வந்தது என்று வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.

மோதி பாக் அன்பர் தம் வீட்டு மாலை வேலையை நண்பகலுக்கு மாற்றிவிட்டதாகச் சென்ற வாரம் தொலைபேசியிற் சொன்னார். மற்ற இரண்டு வீடுகள் இன்னும் மாறவில்லை. அவ்வீட்டாரும் இந்த இதழை வாசிப்பவர்கள் என்று அறிகிறோம்.